ரெவிட்டில் மணலும் கல்லும் தானாகக் கணக்கு வர

ஆரையம்பதியில் ஒரு வீட்டுப் படத்தைக் காட்டிய அன்று வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, பூச்சுக்கு எத்தனை கியூப் மணல் போகும்?" கல்குலேட்டரைத் தட்டிச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துச் சுவரை ஒன்பது அடியிலிருந்து பத்து அடியாக்கச் சொன்னார். திரும்பவும் முதலிலிருந்து கணக்கு! அதற்குப் பிறகுதான், கட்டடம் வரையும் மென்பொருளான ரெவிட்டில் ஒவ்வொரு பொருளின் அளவையும் அட்டவணையாகத் தரும் மெட்டீரியல் டேக்ஓஃப் பக்கம் போனேன்.

முதலில் சுவரைச் சரியாகக் கட்டுங்கள். எடிட் டைப், ஸ்ட்ரக்சர், எடிட் என்று போய் மூன்று அடுக்கு வையுங்கள்: நடுவில் 150 மில்லிமீற்றர் சீமெந்துக் கல், இரு பக்கமும் 15 மில்லிமீற்றர் பூச்சு. இரண்டு பூச்சுக்கும் ஒரே மெட்டீரியலைக் கொடுங்கள். ஒன்றுக்கு 'பிளாஸ்டர்', மற்றதற்கு 'பிளாஸ்டர் 2' என்று வைத்தால் அட்டவணை அவற்றை இரண்டு பொருளாகத்தான் பார்க்கும். பிழையில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

சரி, இப்போது 3 மீற்றர் நீளம், 3 மீற்றர் உயரத்தில் ஒரேயொரு சுவர் வரையுங்கள். கதவு, ஜன்னல் வேண்டாம்.

வியூ தாவலில் ஷெடியூல்ஸ், அதற்குள் மெட்டீரியல் டேக்ஓஃப். பக்கத்திலேயே இருக்கும் சாதாரண ஷெடியூலை அழுத்திவிடாதீர்கள்; அது கல்லையும் பூச்சையும் பிரிக்காமல் முழுச் சுவரையும் ஒன்றாகவே அளக்கும். வகையாக வோல்ஸைத் தெரிந்து, ஃபீல்ட்ஸில் மெட்டீரியல் நேம், மெட்டீரியல் ஏரியா, மெட்டீரியல் வொலியூம் மூன்றையும் சேருங்கள். சோர்ட்டிங் பக்கத்தில் மெட்டீரியல் நேமைக் கொடுத்து, 'ஐட்டமைஸ் எவ்ரி இன்ஸ்டன்ஸ்' அடையாளத்தை எடுத்துவிடுங்கள். ஃபோர்மட்டிங்கில் வொலியூமைத் தெரிந்து 'கல்குலேட் டோட்டல்ஸ்' கொடுக்க வேண்டும். இதை மறந்தால் பல சுவர் வந்ததும் கூட்டுத்தொகை வராது.

கல் 1.35 கன மீற்றர், பூச்சு 0.27 என்று வந்தால் எல்லாம் சரி. வராவிட்டால் சுவர் அடுக்குகளைத் திரும்பப் பாருங்கள்.

அப்புறம்தான் கியூப். நம்மூர் கியூப் என்பது 100 கன அடி, ஏறத்தாழ 2.83 கன மீற்றர். ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் கலவையில் ஒரு கன மீற்றர் பூச்சுக்கு உலர்ந்த சாமான் சுமார் 1.33 கன மீற்றர் வேண்டும். அதில் ஆறில் ஐந்து பங்கு மணல், கியூபில் 0.39. சீமெந்து 50 கிலோ பையில் ஆறரைக்குச் சற்றுக் குறைவு.

டேக்ஓஃபை டுப்ளிகேட் செய்து, ஃபில்டரில் பூச்சை மட்டும் விடுங்கள். ஃபீல்ட்ஸில் எஃப்எக்ஸ் பொத்தானை அழுத்தி, 'மணல் கியூப்' என்று பெயரிட்டு, வகையை நம்பர் ஆக்குங்கள். ஃபோர்முலாவில் வொலியூமை நேரே 0.39 ஆல் பெருக்கினால் அலகு பொருந்தவில்லை என்று ரெவிட் முறைக்கும். முதலில் அடைப்புக்குறிக்குள் 1 மீற்றர் தர 1 மீற்றர் தர 1 மீற்றர் என்று எழுதி அதனால் வகுத்துவிட்டு, பிறகு பெருக்குங்கள். அலகை எண்ணுடன் சேர்த்தே எழுத வேண்டும். ஃபீல்ட் பெயரைத் தட்டச்சு செய்யாமல் மூன்று புள்ளிப் பொத்தானில் தெரிந்தால் எழுத்துப் பிழை வராது. இதற்கும் டோட்டல்ஸ் கொடுங்கள். நமது சுவருக்கு 0.11 அளவில் வரும்.

கல்லுக்கும் இதே வழிதான். 400க்கு 200 கல்லென்றால் ஒரு சதுர மீற்றருக்கு 12.5, ஏரியாவை அதனால் பெருக்கினால் 113 கல்.

தூணும் சுவரும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் மொடிஃபை தாவலில் ஜொயின் செய்யுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் இரு தடவை எண்ணப்படும். உடைவு, சிந்தல் எதையும் ரெவிட் அறியாது. அதை மேசனாரிடம் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

இப்போது சுவர் உயரத்தை மாற்றிப் பாருங்கள். அட்டவணையைத் தொடாமலே எண் மாறியிருக்கும். ஆரையம்பதிக்காரர் அடுத்த தடவை தொலைபேசி எடுத்தபோது, அவர் பேசி முடிக்குமுன்பே கியூபைச் சொல்லிவிட்டேன்.