லூட், விஹுவேலா இசையைப் பியானோவுக்கு எழுதுவது எப்படி

லூட்டும் விஹுவேலாவும் பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியங்கள். எந்தத் தந்தியில் எந்த மெட்டை (விரல் அழுத்தும் இடத்தை) பிடிக்க வேண்டும் என்று கோடுகளில் எண்களால் காட்டும் டாப்லேச்சர் என்ற குறிமுறையில் அவற்றின் இசை எழுதப்பட்டது. ஒரு சுரத்தை எப்போது மீட்ட வேண்டும் என்று டாப்லேச்சர் சொல்லும். அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று சொல்லாது. பியானோவுக்கு எழுதுகிறவரின் உழைப்பில் பாதிக்கு மேல் அந்த நீளத்தைக் கண்டுபிடிப்பதில்தான் போகிறது.

முதலில் கோடுகளின் திசையைப் பாருங்கள். ஆறு கோடுகள், ஆறு ஜோடித் தந்திகள். ஸ்பானிய விஹுவேலாக் கலைஞர் லூயிஸ் மிலானின் 'எல் மாஎஸ்த்ரோ' நூலில் (வலென்சியா, 1536) மேல்கோடு உச்சத் தந்தி. அதே நாட்டுக் கலைஞர்களான நர்வாயெஸ் (1538), முதார்ரா (1546) நூல்களில் கீழ்க்கோடு உச்சத் தந்தி. அடித்தந்தியிலிருந்து ஜி, சி, எஃப், ஏ, டி, ஜி என்று சுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெட்டுக்கு அரைச்சுரம்; 0 என்றால் அழுத்தாத திறந்த தந்தி. அடியிலிருந்து 0, 2, 2, 1, 0, 0 என்றால் ஜி, டி, ஜி, பி பிளாட், டி, ஜி: தெளிவான ஜி மைனர். இதையே தலைகீழாகப் படித்தால் ஜி, சி, எஃப் ஷார்ப், பி, ஈ, ஜி என்று ஒன்றோடொன்று மோதும். அதனால் கடைசிக் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) முதலில் பெயர்த்துப் பாருங்கள். திசை தவறாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

தாளக் குறிகள் மேலே இருக்கும். பெரும்பாலான நூல்களில் அடுத்த குறி வரும்வரை முந்தைய குறியே நீடிக்கும். பழைய மதிப்புகளைப் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைத்து எழுதினால் பியானோக்காரர் கண்ணுக்குப் பழகிய தோற்றம் கிடைக்கும்.

அடுத்தது குரல்களை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி இசைவரிகளை, பிரிப்பது. ஒரு தந்தியை மறுபடி மீட்டினால் அதன் முந்தைய சுரம் அங்கே முடிந்தது. இது மேல் எல்லை மட்டுமே. முடிவுப் பகுதியில் உச்சத் தந்தி திறந்த ஜி, அடுத்து இரண்டாம் தந்தி 4ஆம் மெட்டில் எஃப் ஷார்ப் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லூட்டில் ஜி இன்னும் லேசாக ஒலித்துக்கொண்டிருக்கும், ஆனால் தானாகத் தேய்ந்துவிடும். பியானோவில் விரலை எடுக்காவிட்டால் அந்த அரைச்சுர உரசல் அப்படியே நிற்கும். எஃப் ஷார்ப் தொடும் கணத்தில் ஜியை விட்டுவிடும்படி எழுதுங்கள். எதிர்மாறான தவறும் நடக்கும்: எல்லாவற்றையும் தாளக்குறியின் நீளத்துக்கே வெட்டிவிட்டால் நான்கு குரல் இசை தந்தி அறுந்தது போல் துண்டுதுண்டாகக் கேட்கும்.

ஆழ்ந்த பகுதியில் நெருங்கிய சுரங்கள் பியானோவில் குழம்பும். ஆறாம் தந்தி 2, ஐந்தாம் தந்தி 0 என்றால் ஏ, சி. லூட்டில் தெளிவாகக் கேட்பது இங்கே மங்கும். முழுவதையும் நான்கு அல்லது ஐந்து சுரம் மேலே ஏற்றுங்கள். அக்காலத்தில் சுதி நிலையானதாக இல்லாததால் இதில் குற்றமில்லை. ஒரு முழு ஸ்தாயி ஏற்றினால் ஒலியின் கனம் போய்விடும், பொம்மைப் பெட்டி ஓசைதான் மிஞ்சும். லூட்டின் அடித்தந்தி ஜோடிகளில் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் தந்தி இருந்தது உண்மைதான். அதற்காக இடக்கையை முழுக்க ஆக்டேவாக்காதீர்கள், முடிவுக் கார்டில் ஒன்று போதும்.

மெட்டு எண் அரைச்சுரத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. விசித்திரமாகக் கேட்கிறது என்று 'திருத்த' வேண்டாம்.

இந்த வேலை அந்தக் காலத்துக்கும் அந்நியமல்ல: ஸ்பெயினில் வெனேகாஸ் தெ எனெஸ்த்ரோசா 1557இல் வெளியிட்ட தொகுப்பு விசைப்பலகை, யாழ் (ஹார்ப்), விஹுவேலா மூன்றுக்குமானது, அதில் விஹுவேலா படைப்புகளின் விசைப்பலகை வடிவங்கள் உண்டு.

வேகத்துக்கு மிலானே வழி சொல்கிறார்: கார்டுகளை நிதானமாக, ஓட்டங்களை விரைவாக. இதைக் குறிப்பாகவே தாளில் எழுதிவிடுங்கள்; இல்லாவிட்டால் வாசிப்பவர் மெட்ரோனோம் வைத்து உயிரை எடுத்துவிடுவார்.

சுரங்களை நீட்டி ஒலிக்க விடும் பெடலை மிகக் குறைவாக எழுதுங்கள். ஒரு விதிவிலக்கு, முதார்ரா யாழின் ஒலியைப் போலச் செய்து எழுதிய பத்தாம் ஃபாந்தசியா என்ற படைப்பு. அங்கே ஓட்டம் தந்தி விட்டுத் தந்தி தாவுகிறது, பக்கத்துச் சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒலித்தால்தான் யாழ் கேட்கும். பாதி அழுத்திய பெடலோடு, விசைகளை விரலால் பிடித்துவைப்பதையும் சேருங்கள். முடிவை நெருங்கும்போது சில பொருந்தாச் சுரங்கள் வரும் என்றும், நன்றாக வாசித்தால் அவை மோசமாகத் தோன்றாது என்றும் அவரே அச்சில் குறித்திருக்கிறார். அந்த இடத்தில் பெடலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு உரசலும் தனியாகக் கேட்கும்படி விடுங்கள்.