டிராஃபல்கர் சதுக்கத்தை வலமாகச் சுற்றுங்கள்

லண்டனுக்குப் போகிற நம் ஆட்கள் யாரும் டிராஃபல்கர் சதுக்கத்தை விடுவதில்லை. ஆனால் போனவர்களில் பாதிப் பேர் ஒரு சிங்கத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அண்ணாந்து தூணின் உச்சியில் நிற்கும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் சிலையைத் தேடிவிட்டு, பத்து நிமிடத்தில் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன். இரண்டாவது தடவை ஒரு காலைப் பொழுது முழுக்க அங்கேயே இருந்தேன், அப்போதுதான் புரிந்தது, அந்த இடத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் உச்சியில் இல்லை, நம் கண் மட்டத்தில், பீடங்களில் இருக்கிறது. அதை எந்த வரிசையில் பார்த்தால் விளங்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், போதும்.

எப்போது போவது? முடிந்தால் வாரநாளில் காலை எட்டு மணிவாக்கில். அந்த நேரத்தில் அலுவலகம் போகிறவர்கள்தான் சதுக்கத்தைக் கடந்துகொண்டிருப்பார்கள், தூணின் நாலு பக்கமும் நீங்கள் நின்று பார்க்கலாம். மதியத்துக்கு மேல் சிங்கங்களைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும். சனிக்கிழமை என்றால் ஆர்ப்பாட்டமோ விழாவோ நடக்க நிறைய வாய்ப்பு, மேடை போட்டுவிட்டால் தூணடிச் சிற்பங்களைச் சுற்றிப் பார்ப்பது கஷ்டம். கூட்டத்தையே பார்க்க ஆசை என்றால் அது வேறு விஷயம், அந்தச் சதுக்கம் நூற்றாண்டுக்கு மேலாக ஊர்வலங்கள் வந்து முடியும் இடம், அதுவும் அதன் சரித்திரம்தான். டிசம்பரில் போனால் நார்வேயிலிருந்து வந்த பெரிய கிறிஸ்துமஸ் மரம் நிற்கும், போரின்போது கிடைத்த உதவிக்கு நன்றியாக 1947 முதல் ஆண்டுதோறும் அனுப்புகிறார்கள்.

சாரிங் கிராஸ் ட்யூப் (சுரங்க ரயில்) நிலையத்தில் இறங்குங்கள். வெளியே வந்ததும் தூண் கண்ணில் படும், ஆனால் நேராக அதனிடம் போகாதீர்கள். முதலில் சதுக்கத்தின் தெற்கே, சாலைகளுக்கு நடுவில் உள்ள திட்டில் ஒரு குதிரை வீரர் சிலை இருக்கிறது பாருங்கள், அதற்குப் போங்கள். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். சிக்னல் விழும்வரை பொறுத்துக் கடப்பது முக்கியம், பேருந்துகள் எல்லாப் பக்கமிருந்தும் வரும்.

அது முதலாம் சார்லஸ் மன்னர். ஹூபர்ட் லெ சூவர் என்ற சிற்பி 1633-இல் வார்த்த வெண்கலம், அதாவது சதுக்கத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட மூத்தது. உள்நாட்டுப் போரில் மன்னர் தோற்று, 1649-இல் தலை வெட்டப்பட்டார். சிலையை உடைத்து உலோகமாக்கச் சொல்லி ஒரு கன்னாரிடம் விற்றார்கள். அந்த மனிதர் அதை உடைக்காமல் ஒளித்து வைத்துவிட்டு, அதன் உலோகத்தில் செய்தவை என்று சொல்லிச் சின்னச் சின்னப் பொருள்களை விற்றாராம். மன்னராட்சி திரும்பியதும் சிலை வெளியே வந்து, 1670-களில் இந்த இடத்தில் ஏறியது. மன்னர் பார்த்துக்கொண்டிருக்கும் திசையில் வைட்ஹால் சாலை நீள்கிறது. அந்தச் சாலையில்தான், பாங்க்வெட்டிங் ஹவுஸ் மாளிகைக்கு வெளியே, அவர் தலை விழுந்தது. இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சிலையின் பார்வையைத் தொடர்ந்து நீங்களும் ஒரு நிமிடம் அந்தப் பக்கம் பாருங்கள். சிலைக்குப் பின்னால் தரையில் ஒரு தகடு பதித்திருக்கும்: லண்டனிலிருந்து ஓர் ஊர் இத்தனை மைல் என்று சொன்னால், அந்தக் கணக்கு இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது தூணுக்கு வாருங்கள். பீடத்தின் நாலு பக்கமும் நாலு பெரிய வெண்கலத் தகடுகள், ஒவ்வொன்றும் 18 அடிச் சதுரம், நெல்சன் கலந்துகொண்ட நாலு போர்களின் புடைப்புச் சிற்பங்கள். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்தவை. பெரும்பாலோர் தெற்குப் பக்கம் வந்து நிற்பதால் கதையின் கடைசிக் காட்சியை முதலில் பார்த்துவிடுகிறார்கள். நீங்கள் மேற்குப் பக்கத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து வடக்கு, கிழக்கு, தெற்கு. கோயிலில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி தூண் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடந்தால், போர்கள் நடந்த ஆண்டு வரிசையிலேயே அமைந்துவிடும். இது எனக்கு அங்கே நின்று ஆண்டுகளைப் படித்தபோது பிடிபட்டது, அன்றைக்கு அடைந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

மேற்கில் 1797, செயின்ட் வின்சென்ட் முனைப் போர், தோற்ற ஸ்பானிய அதிகாரிகள் தங்கள் வாள்களை ஒப்படைக்கிறார்கள். வடக்கில் 1798, நைல் போர்; தலையில் காயம்பட்ட நெல்சன், மருத்துவர், சுற்றிலும் மாலுமிகள். இந்த இரண்டுக்கும் நடுவே அவர் வலது கையை இழந்திருக்கிறார், 1797-லேயே டெனெரீஃப் தீவில். அதனால் ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்குப் போகும்போது சட்டைக் கையைக் கவனியுங்கள். கிழக்கில் 1801, கோபன்ஹேகன். அது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் சண்டையே இல்லை. போரை நிறுத்தச் சொல்லி டென்மார்க் தரப்புக்கு எழுதிய கடிதத்துக்கு அரக்கு முத்திரை வைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

தெற்கில் 1805, டிராஃபல்கர். சுடப்பட்ட நெல்சனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அக்டோபர் 21 அன்று தன் கப்பலிலேயே இறந்தார். ஜான் எட்வர்ட் கேர்யூ செய்த இந்தத் தகட்டில் நிறைய நேரம் நில்லுங்கள். இடது ஓரத்தில் துப்பாக்கியோடு ஒரு கறுப்பின மாலுமி நிற்பார். நெல்சனின் கடற்படையில் பல நாட்டவரும் இருந்தார்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இருந்தார்கள் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், நகரத்தின் நடுவில், வெண்கலத்தில் வைத்திருக்கிறார் அந்தச் சிற்பி. பக்கத்தில் படம் எடுக்கிறவர்களில் ஒருவராவது அவரைப் பார்க்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், யாரும் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள், கூட வந்தவர்களுக்கும் காட்டுங்கள்.

சிங்கங்கள் பற்றி. தூண் 1843-இல் முடிந்துவிட்டது, சிங்கங்கள் வந்தது 1867-இல்தான். செய்தவர் எட்வின் லேண்ட்சீர், அடிப்படையில் ஓவியர், விலங்கு ஓவியங்களுக்குப் பேர்போனவர். அவற்றின்மீது ஏறக் கூடாது. ஏறுகிறவர்களை அங்கே நிறையப் பார்ப்பீர்கள், அதனால் அனுமதி உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். வெண்கலம் வழுக்கும், மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம், கீழே கருங்கல் தரை. பிள்ளைகளைத் தூக்கி மேலே வைத்துப் படம் எடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அதேபோல, புறாக்களுக்குத் தீனி போடவும் தடை, 2003-இல் தொடங்கியது. பழைய திரைப்படங்களில் பார்த்த அந்தப் புறாக் கூட்டம் இப்போது இல்லை.

சரி, நெல்சனையே பார்க்க வேண்டாமா? பார்க்கலாம், ஆனால் தூணடியிலிருந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். மொத்த உயரம் சுமார் 169 அடி. 2006-இல் சாரம் கட்டிச் சுத்தம் செய்தபோது அளந்து பார்த்ததில் இது தெரியவந்தது, அதுவரை 185 அடி என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். மணற்கல்லில் செதுக்கிய சிலை மட்டும் 5.5 மீட்டர். அவர் தெற்கு நோக்கி நிற்பதால், முகம் தெரிய வேண்டுமென்றால் மறுபடி சார்லஸ் சிலைப் பக்கம் வந்து, பைனாகுலரோ நல்ல ஜூம் உள்ள கேமராவோ வைத்துப் பாருங்கள். கண்ணில் கறுப்புக் கட்டு இருக்காது. ஒரு கண்ணில் பார்வை போனது உண்மை, கட்டுப் போட்டிருந்தார் என்பது பிற்காலத்துக் கற்பனை.

அப்புறம் வடக்குப் பக்கத்துப் படிகளில் ஏறுங்கள். அங்கே சுவரையொட்டி அங்குலம், அடி, கெஜம் ஆகியவற்றின் அதிகாரபூர்வ நீளங்களைப் பித்தளையில் பதித்திருக்கிறார்கள், 1876-இல் வைத்தது. ஒரு வியாபாரியின் அளவுகோல் சரியா என்று யார் வேண்டுமானாலும் வந்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. மேலே ஏறினால் நேஷனல் கேலரி, அனுமதி இலவசம். மழை வந்தால் ஒதுங்க, கழிப்பறைக்குப் போக, உட்கார என எல்லாவற்றுக்கும் அதுதான் வசதி. பையைச் சோதிப்பார்கள், அதனால் பெரிய பெட்டியோடு போகாதீர்கள். அதன் முகப்பு மண்டபத்தில் நின்று தெற்கே பார்த்தால் தூணும் வைட்ஹாலும் தூரத்தில் பிக் பென் கோபுரமும் ஒரே பார்வையில் கிடைக்கும். படம் எடுக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகச் சதுக்கத்தின் நாலு மூலைப் பீடங்கள். வடகிழக்கில் நான்காம் ஜார்ஜ் மன்னர், குதிரையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. சென்னை அண்ணா சாலையோரம் மன்றோ சிலையைப் பார்த்தவர்களுக்கு உடனே பொறி தட்டும்: அதுவும் இவர் செய்ததுதான், அதிலும் சேணமோ அங்கவடியோ கிடையாது. மறந்துவிட்டார் என்று சென்னையில் ஒரு கதை சொல்வார்கள். இரண்டு குதிரைகளிலுமா மறந்திருப்பார்? வடமேற்குப் பீடத்தில் நான்காம் வில்லியம் மன்னர் அமர்ந்திருக்க வேண்டியது, பணம் சேரவில்லை, ஒன்றரை நூற்றாண்டு வெறுமையாகவே கிடந்தது. 1999 முதல் அதில் இக்காலக் கலைஞர்களின் படைப்புகளை மாற்றி மாற்றி வைக்கிறார்கள், நீங்கள் போகும்போது எது இருக்கிறது என்று முன்னாடியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே இரண்டு தளபதிகள். தென்மேற்கில் சார்லஸ் நேப்பியர், 1843-இல் சிந்துவைப் பிடித்தவர். தென்கிழக்கில் ஹென்றி ஹேவ்லாக், 1857 கிளர்ச்சியின்போது கான்பூருக்கும் லக்னோவுக்கும் படை நடத்திப் போனவர். 2000-இல் அப்போதைய லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன், இந்த இருவரும் யாரென்றே யாருக்கும் தெரியவில்லை, எடுத்துவிடலாம் என்றார். எடுக்கவில்லை. லண்டன்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், நமக்குத் தெரிய வேண்டும். ஹேவ்லாக்கின் படையில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் ஜேம்ஸ் நீல், மெட்ராஸ் படைப்பிரிவோடு இங்கிருந்து போனவர், வழியில் அவர் நடத்திய கொலைகளுக்குப் பேர்போனவர், லக்னோவில் சுடப்பட்டு இறந்தார். அவருக்கு மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஒரு சிலை வைத்தார்கள். அதை அகற்றச் சொல்லி 1927-இல் இளைஞர்கள் சத்தியாகிரகம் செய்து சிறைக்குப் போனார்கள், 1937-இல் ராஜாஜி அரசு வந்த பிறகு சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது.

ஹேவ்லாக்கின் பீடத்தில், வீரர்களே, உங்கள் உழைப்பையும் துன்பத்தையும் நன்றியுள்ள நாடு மறக்காது என்ற பொருளில் அவருடைய வாசகம் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. அதை முழுக்கப் படியுங்கள், நாலு பக்கமும் சுற்றிப் படியுங்கள். நான் அங்கே நின்றபோது நீல் சிலைக்காகச் சிறைக்குப் போனவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். ட்யூப் நிலையத்தின் வாசல் அங்கிருந்து சில அடி தூரம்தான்.