மியூசிக் வீடியோ: எடிட்டிங் திட்டம் ஷூட்டிங்குக்கு முன்பே வேண்டும்

சொந்தக் காசில் மியூசிக் வீடியோ எடுப்பவர்கள் பலர், எடிட்டிங்கைப் பற்றி ஷூட்டிங் முடிந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். அப்போது தேவையான ஷாட் கையில் இருக்காது. முதலில் பாட்டை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் போட்டு, பல்லவி, சரணம், இடையிசை தொடங்கும் இடங்களில் மார்க்கர் வையுங்கள்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. பாட்டின் டெம்போ, அதாவது வேகம், நிமிடத்துக்கு 120 பீட் (தாளத்தட்டு) என்றால், ஒரு பீட் அரை விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம் (படம்) ஓடும் வீடியோவில் அது 12 ஃபிரேம். நான்கு பீட் சேர்ந்தால் 2 விநாடி. ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை இப்படிக் காகிதத்திலேயே எழுதிவிடலாம். ஒவ்வொரு பீட்டிலும் வெட்டாதீர்கள், பார்ப்பவருக்குச் சீக்கிரம் சலித்துவிடும். சரணத்தில் ஷாட்டை நீளமாக விட்டு, பல்லவி திரும்ப வரும்போது வெட்டுகளை நெருக்கினால் பாட்டின் ஏற்றம் கண்ணிலும் தெரியும்.

ஸ்லோ மோஷனில் உதட்டசைவு பாட்டோடு பொருந்த வேண்டுமா? அதைப் பிறகு எடிட்டிங்கில் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம். ஷூட்டிங்கில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, பாடகர் அதற்கேற்ப வாயசைக்க, 48 ஃபிரேமில் எடுங்கள். அதை 24-இல் ஓட்டினால் உடலசைவு மெதுவாகிவிடும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகச் சேரும். அந்த வேகத்தில் வரிகளைப் பிடிப்பது எளிதல்ல. வேகமான பிரதியைப் பாடகருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், பாவம், அவருக்கும் ஒத்திகை வேண்டுமே.

பாட்டு முழுவதற்கும் வெட்டில்லாமல் ஒரு வைடு ஷாட், ஒரு குளோசப் எடுத்து வையுங்கள். எங்கே ஓட்டை விழுந்தாலும் அவற்றை வைத்து அடைக்கலாம்.