முதுகெலும்பு மூட்டில் ஊசி: போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

சிங்கப்பூரில், மாதக்கணக்கில் விடாத கீழ்முதுகு வலிக்கு, பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனையின் வலி சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பப்படுபவர்களில் சிலருக்கு ஃபேசட் மூட்டு ஊசி போடுவார்கள். முதுகெலும்புகளுக்குப் பின்புறம் உள்ள சிறு மூட்டுகளில், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, மரத்துப்போகச் செய்யும் மருந்தையும், அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டையும் செலுத்துவார்கள். வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா என்பதையும் இந்த ஊசி காட்டிக்கொடுக்கும்.

படி 1: நாள் குறிக்கும்போதே மருந்துகளைச் சொல்லுங்கள்

வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின், ரிவரோக்ஸபான் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. சிலவற்றைப் பல நாள் முன்பே நிறுத்தச் சொல்லலாம். சிலவற்றைத் தொடரச் சொல்லலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அப்படி நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மீன் எண்ணெய் மாத்திரை, ஜிங்கோ மூலிகை, தேக்காவில் வாங்கிய சூரணம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். 'அதெல்லாம் மருந்தா?' என்று விடுபவர்கள்தான் அதிகம்.

நீரிழிவு இருந்தால், ஸ்டீராய்டால் சர்க்கரை சில நாள், சிலருக்கு இரண்டு வாரம் வரைகூட ஏறி நிற்கலாம். சோதனைப் பட்டைகள் போதுமான அளவு இருக்கட்டும். காய்ச்சல், தோல் புண், ஆன்டிபயாட்டிக், கர்ப்பம், ஒவ்வாமை இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே அழைத்துச் சொல்லுங்கள். கட்டணத்துக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) கணக்கைப் பயன்படுத்த முடியுமா என்றும் அப்போதே விசாரித்துக்கொள்ளலாம்.

படி 2: வயிறு

மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால், பொதுவாக 6 மணி நேரம் சாப்பிடக் கூடாது. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்வரை. மருத்துவமனைத் தாளில் வேறு நேரம் இருந்தால் அதுதான் கணக்கு. பால் கலந்த தேநீரும் சாப்பாடுதான்! ஒரு மடக்குக் குடித்தாலும் ஊசி தள்ளிப்போகலாம். பட்டினி நாளில் சர்க்கரை மாத்திரை, இன்சுலின் அளவை முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

படி 3: அன்று காலை

குளித்துவிட்டுப் போங்கள், முதுகில் தைலமோ வலி பிளாஸ்திரியோ வேண்டாம். வெள்ளி அரைஞாண் இருந்தால் கழற்றுங்கள். அது கிடக்கும் இடமும் ஊசி போகும் இடமும் பெரும்பாலும் ஒன்றே, எக்ஸ்ரேயில் மறைக்கும். வலி மாத்திரை போடலாமா என்று கேளுங்கள். வலி அடங்கிய நிலையில் போனால் ஊசி வேலை செய்ததா என்று தெரியாது.

துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கால் சில மணி நேரம் மரத்திருக்கலாம். மயக்க மருந்து எடுத்தவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது.

படி 4: வலிக்கு மதிப்பெண்

ஒரு தாளில் 0 முதல் 10 வரை மதிப்பெண் எழுதுங்கள்: ஊசிக்கு முன், பின் 6 மணி நேரத்துக்கு மணிக்கொரு முறை, அப்புறம் இரண்டு வாரம் தினமும். எந்த அசைவில் வலிக்கிறது என்றும் குறியுங்கள்: குனியும்போதா, பின்னால் வளையும்போதா. மரத்துப்போகும் மருந்து சில மணி நேரத்தில் இறங்கியதும் வலி திரும்பும். ஸ்டீராய்டு வேலை செய்ய சில நாள் ஆகும் என்பதால், ஊசி வீண் என்று அன்றிரவே முடிவுகட்ட வேண்டாம்.

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் முதுகுவலி, கடும் தலைவலி, நேரம் ஆக ஆகக் கூடும் கால் பலவீனம், சிறுநீர் போக முடியாமை: இவற்றில் ஏதாவது தெரிந்தால் மறுசந்திப்புக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்; நகர முடியாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.