சைகோனில் ஒரு நாள், 1,600 ரூபாய்க்குள்: முதல்முறை போகிறவர்களுக்கு

வியட்நாம் வரைபடத்தில் ஹோ சி மின் நகரம் என்றுதான் இருக்கும். 1976இல் வந்த பெயர் அது. ஊர்க்காரர்கள் இன்னமும் சைகோன் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். முதுகுப்பையோடு முதல்முறை வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஊர் இது. பார்க்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன, பல இடங்களுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் வெயில் நம் சென்னை வெயில் மாதிரியே. அதனால் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறோம் என்பதுதான் முக்கியம். கீழே நான் சொல்லும் வரிசை அந்த வெயிலை வைத்துப் போட்டது.

முதலில், கிளம்புவதற்கு முன்

இந்தியர்களுக்கு மின்விசா உண்டு. ஒரு முறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை தங்கலாம். வியட்நாம் அரசின் இணையதளத்திலேயே நேரடியாக விண்ணப்பியுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் இரண்டு மடங்கு பணம் கேட்கும் தரகர் தளங்கள் நிறைய இருக்கின்றன. பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். வேலைநாள் கணக்கில் மூன்று நாள் என்பார்கள், நீங்கள் இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

மாதம் என்று பார்த்தால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. மே முதல் நவம்பர் வரை பிற்பகலில் ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். சந்திரப் புத்தாண்டான டெட் நாட்களில் மட்டும் போகாதீர்கள். சின்னக் கடைகளில் பாதி பூட்டிக் கிடக்கும், சிக்கனப் பயணிக்குச் சோறு போடுவதே அந்தக் கடைகள்தான்.

பணத்தைப் பழகுங்கள்

வியட்நாம் பணத்தின் பெயர் டொங். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டொங். மனக்கணக்குக்கு எளிய வழி: விலையில் கடைசி மூன்று சுழியங்களை வெட்டிவிட்டு, மிச்சத்தை மூன்றால் பெருக்கி, கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். 40 ஆயிரம் டொங் என்றால் 120, அதோடு கொஞ்சம், ஆக 130 ரூபாய்ச் சொச்சம்.

இதைவிட முக்கியமான ஒன்று. 20 ஆயிரம் டொங் தாளும் நீலம், 5 லட்சம் டொங் தாளும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் முகம். அவசரத்தில் கரும்புச் சாறு விற்ற அம்மாவிடம் நான் 5 லட்சத்தை நீட்டிவிட்டு நடந்தேன். அவர் தள்ளுவண்டியை விட்டுவிட்டு ஓடிவந்து தாளைத் திருப்பிக் கொடுத்தார். 1,600 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள தாள் அது, அன்றைய என் மொத்தச் செலவு. அந்த அம்மா அன்று சிரித்த சிரிப்பு இன்னும் மனத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் 5 லட்சம் தாள்களைத் தனி உறையில் பைக்குள்ளே வைத்துவிட்டு, சில்லறைத் தாள்களை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்யுங்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

டான் சன் ஞாட் விமான நிலையத்து வாசலிலேயே 109 எண் பேருந்து நிற்கும். 15 ஆயிரம் டொங். பயணிகள் தங்கும் ஃபாம் ங்கூ லாவ் பக்கம் இறக்கிவிடும். நடு இரவில் இறங்கினால் கிராப் செயலியில் வண்டி கூப்பிடுங்கள். வாசலில் கையைப் பிடித்து இழுப்பவர்களோடு போகாதீர்கள்.

தங்க, பல படுக்கை போட்ட விடுதி அறையில் ஒரு படுக்கை 1 லட்சத்து 80 ஆயிரம் டொங் அளவில் கிடைக்கும். புய் வியன் தெருவின் மேலேயே எடுக்காதீர்கள், விடியும்வரை பாட்டுச் சத்தம் ஓயாது. ‘ஹெம்’ என்று சொல்லும் சந்துகளுக்குள் இருக்கும் விடுதியாகப் பாருங்கள். பத்தடி உள்ளே போனாலே வேறு ஊர் மாதிரி அமைதியாக இருக்கும். முகவரியில் ‘குவான் 1’ என்று வந்தால் முதலாம் மாவட்டம். 2025 ஜூலையில் மாவட்டங்களையே கலைத்துவிட்டார்கள், ஆனாலும் பேச்சில் அதுதான் ஓடுகிறது.

காலை 6 மணி: சாலையைக் கடக்கக் கற்றுக்கொள்வது

இதைப் பயந்துகொண்டு விடுதியிலேயே உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கூட்டர் வெள்ளம் நிற்கவே நிற்காது. இடைவெளிக்குக் காத்திருந்தால் மாலை ஆகிவிடும். செய்ய வேண்டியது இதுதான்: பேருந்தோ காரோ வரவில்லை என்று பார்த்துவிட்டு, ஒரே சீரான மெதுநடையில் இறங்கி நடங்கள். ஓடாதீர்கள், நடுவில் நிற்காதீர்கள், பின்வாங்கவே வாங்காதீர்கள். நீங்கள் அடுத்து எங்கே இருப்பீர்கள் என்று ஓட்டுகிறவர் கணக்குப் போட்டுத்தான் உங்களைச் சுற்றிப் போகிறார். அந்தக் கணக்கை நாம் கலைக்கக் கூடாது. காலை ஆறு மணிக்குக் கூட்டம் குறைவு, பழக நல்ல நேரம். உள்ளூர்ப் பாட்டி யாராவது கடந்தால் அவர் பக்கத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.

வழியில் வண்டிக் கடையில் ஒரு பாண் மி வாங்குங்கள், 25 ஆயிரம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நீள ரொட்டிக்குள் மல்லித்தழை, ஊறவைத்த கேரட், முள்ளங்கி, முட்டையோ இறைச்சியோ வைத்துத் தருவார்கள். கூடவே கெட்டிப்பால் ஊற்றிய ஐஸ் காபி, 20 ஆயிரம்.

7 மணி: மாரியம்மன் கோயில்

பென் தான் சந்தையிலிருந்து ஐந்து நிமிட நடை, ட்ருவோங் தின் சாலை 45ஆம் எண். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே வட்டித் தொழில் செய்ய வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடு தொடர்புடைய கோயில். கோபுரத்தைத் தெருவிலிருந்து பார்க்கும்போதே தொண்டை அடைக்கும். உள்ளே போனால் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வியட்நாமியர்கள், சீனர்கள். கை நிறைய ஊதுபத்தி ஏந்தி வணங்குகிறார்கள். கருவறையின் பின்சுவரில் நெற்றியை ஒட்டிவைத்து, வேண்டுதலை மெல்லச் சொல்கிறார்கள். அவர்களுக்கு இது ‘சுவா பா அன்’, இந்திய அம்மன் கோயில். நம் ஆட்கள் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போய்விட்ட பிறகும் அம்மனுக்கு விளக்கு எரிய வைத்தவர்கள் இவர்கள்தான். அரை மணி நேரமாவது அங்கே சும்மா உட்கார்ந்திருங்கள்.

அதே சாலையில் மேலே நடந்தால் தாவ் தான் பூங்கா, நல்ல நிழல். பூங்காவைத் தாண்டிச் சுற்றி வந்தால் சுதந்திர மாளிகை. 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாம் படையின் பீரங்கி வண்டிகள் இதன் கதவை இடித்துக்கொண்டு நுழைந்தபோதுதான் வியட்நாம் போர் முடிந்தது. உள்ளே போகக் கட்டணம் உண்டு. ஒரு நாள்தான் இருக்கிறது, கையும் கொஞ்சம் இறுக்கம் என்றால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள், அந்தப் பணம் மதியம் வேண்டும்.

எதிரே மரங்கள் அடர்ந்த பூங்கா வழியாக நேரே நடந்தால் செங்கல் நிறத் தேவாலயம். 1880இல் கட்டி முடித்தது. 2017இல் தொடங்கிய புதுப்பிப்பு வேலை வருடக் கணக்காக நீள்கிறது, சாரத்துக்கு நடுவில்தான் பார்க்க வேண்டியிருக்கலாம். பக்கத்திலேயே 1891இல் முடிந்த மத்திய அஞ்சலகம், அனுமதி இலவசம். பாரிஸ் கோபுரத்தைக் கட்டிய ஈஃபில்தான் இதையும் கட்டினார் என்று வழிகாட்டிகள் சொல்வது சரியில்லை. வடிவமைத்தவர் ஃபூலூ என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். வளைந்த கூரையின் கீழே, சுவரில் தீட்டிய பழைய வரைபடங்களை நிதானமாகப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். ஒட்டினாற்போல ஒரு புத்தகத் தெரு இருக்கிறது, வண்டிகள் வராது, வெயில் ஏறும்போது அங்கே ஒதுங்கலாம்.

11 மணி: சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரே ஒரு சொல்லை நினைவில் வைத்தால் போதும்: ‘சாய்’. தேநீர் இல்லை, சைவம் என்று பொருள். ‘தொய் அன் சாய்’ என்றால் நான் சைவம் சாப்பிடுகிறவன். ‘Chay’ என்று எழுதிய பலகை மாட்டிய கடையில் சோறு, டோஃபு, கீரை, காய் எல்லாம் சேர்த்து 45 ஆயிரத்துக்குள் வயிறு நிறையும். பௌத்தர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சைவம் சாப்பிடுவதால் அன்றைக்குக் கடைகளில் கூட்டம் அள்ளும். சாதாரணக் கடையில் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன் சாறு சேர்ந்துவிடும், கவனம். அசைவக்காரர்களுக்கும் மூன்று சொற்கள்: ‘போ’ மாடு, ‘ஹெயோ’ பன்றி, ‘கா’ கோழி. குருணை அரிசிச் சோறான ‘கம் தம்’ இந்த ஊரின் அடையாளம். பெரும்பாலும் சுட்ட பன்றி இறைச்சியோடு வரும்.

12:30: போர் நினைவு அருங்காட்சியகம்

வோ வான் தான் சாலை 28. நுழைவுக் கட்டணம் 40 ஆயிரம். அன்றைக்கு ஒரே ஒரு இடத்துக்குத்தான் பணம் கொடுப்பது என்றால் இங்கே கொடுங்கள். முற்றத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர், போர் விமானம் முன்னால் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே நேரம் போக்காமல் நேரே மாடிக்குப் போய்க் கீழே இறங்கி வாருங்கள். இந்தோசீனப் போர்களில் உயிரிழந்த புகைப்படக்காரர்கள் எடுத்த படங்கள் ஒரு பகுதியில் இருக்கின்றன. ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியைக் காடுகள் மேல் தூவியதில், போர் முடிந்து பிறந்த குழந்தைகள்வரை பட்ட பாடு இன்னொரு அறையில். சின்னப் பிள்ளைகளை அந்த அறைக்குக் கூட்டிப் போகாதீர்கள். வென்றவர்கள் சொல்லும் கதைதான் இது, அதையும் மனத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள். ஆனாலும் அந்தப் படங்கள் பொய் சொல்லவில்லை. வெளியே வந்ததும் உடனே அடுத்த இடத்துக்கு ஓட முடியாது. ஒரு கரும்புச் சாறு வாங்கிக்கொண்டு நிழலில் உட்காருங்கள், 12 ஆயிரம்.

மாலை: ஆற்றுக்குப் போங்கள்

அங்கிருந்து கிராப் பைக்கில் ங்குயென் ஹுவே நடைபாதைச் சாலைக்கு 25 ஆயிரம் ஆகும். தலைக்கவசம் அவர்களே தருவார்கள். கைப்பேசியைச் சாலை ஓரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், பைக்கில் வந்து பறிப்பது இந்த ஊரில் நடக்கிறது. சுவரோரம் திரும்பி நின்று பாருங்கள். குறுக்கே போகும் டோன் தாட் தியெப் தெருவில் 66ஆம் எண், செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில். சற்றுத் தள்ளி டோங் சூ தெருவில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பச்சை வெள்ளைப் பள்ளிவாசல்.

சாலை முடியும் இடத்தில் பாக் டாங் படகுத்துறை. சுற்றுலாப் படகுகளுக்கு லட்சக்கணக்கில் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஊர் மக்கள் போகும் ‘வாட்டர்பஸ்’, ஒரு பயணம் 15 ஆயிரம். வார இறுதி மாலையில் சீட்டு தீர்ந்துவிடும், அதனால் மூன்று மணிக்கே வந்து ஐந்து மணிப் படகுக்கு வாங்கி வைத்துவிட்டு அப்புறம் சுற்றப் போங்கள். பின்பக்கம் திறந்த இடத்தில் நில்லுங்கள். 461 மீட்டர் உயர லேண்ட்மார்க் 81 கோபுரம் ஒரு வளைவில் கிட்டத்தில் வந்து நிற்கும், கரையில் ஆகாயத்தாமரைத் திட்டுகள் மிதந்து போகும். திரும்பிவர இன்னொரு 15 ஆயிரம்.

இரவுச் சாப்பாட்டுக்கு 60 ஆயிரம், தண்ணீருக்கு 20 ஆயிரம் போட்டால், படுக்கையும் பேருந்தும் சேர்த்து நாள் செலவு 4 லட்சத்து 72 ஆயிரம் டொங். காலில் இன்னும் தெம்பு இருந்தால் நகராட்சி மண்டபத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டே விடுதிக்கு நடந்து போய்விடலாம், முப்பது நிமிடம்தான்.