நாய்க்குப் படிப்படியாகப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாசலில் ஆள் வந்தால் பாய்ந்து ஓடாமல், திண்ணையில் விரித்த சாக்கில் போய்ப் படுக்க வேண்டும் என்பது உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் சிப்பிப்பாறையோ கன்னியோ போன்ற நாட்டு நாய் வளர்ப்பவர்களுக்கு இருக்கக்கூடிய நியாயமான ஆசைதான். ஆனால் அது படுக்கட்டும், பிறகு ஈரல் துண்டு தரலாம் என்று காத்திருப்பதே முதல் தவறு. நிகழாத செயலுக்கு வலுவூட்டல், அதாவது அதை மீண்டும் செய்யத் தூண்டும் பலன், தர வழியில்லை. 1943-இல் மினியாபொலிஸ் நகரத்து மாவு ஆலை ஒன்றின் மேல்தளத்தில், மரப்பந்தை அலகால் தட்டிவிடப் புறாவைப் பழக்க முயன்ற அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் இப்படித்தான் காத்துக் காத்துச் சலித்தார்கள். பந்தைப் பார்த்ததற்கே தீனி கொடுத்து, அலகு பந்தை நெருங்க நெருங்க எதிர்பார்ப்பையும் உயர்த்திய பிறகு, சில நிமிடங்களிலேயே பந்து பெட்டியின் சுவர்களில் மோதித் தெறித்தது. செயலுக்குக் கிடைக்கும் விளைவைக் கொண்டே பழக்கும் செயல்படு ஆக்கநிலையிறுத்தத்தில் கடினமான நடத்தைகளை உருவாக்கும் முறை இதுவே. நம் நாய்க்கும் சாக்கைப் பார்ப்பது, ஒரு கால் வைப்பது, நான்கு கால்களையும் வைப்பது, படுப்பது என்று வேலையைப் பிரித்துத் தர வேண்டும்.

பலன் தாமதமாவதுதான் பயிற்சியை அதிகம் கெடுக்கிறது என்பது என் கருத்து. நாய் சாக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்த் துண்டை எடுத்தால், அது எழுந்து பின்னாலேயே வந்திருக்கும். அங்கே வாயில் விழும் ஈரல், பின்னால் வந்த செயலைத்தான் வலுப்படுத்தும். துண்டுகளை முன்கூட்டியே மடியில் கட்டிக்கொண்டு, கால் பட்ட நொடியில் நாக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பி, துண்டைச் சாக்கின் மீதே வைப்பது நல்லது. சில முறை அந்த ஒலிக்குப் பின் தீனி வந்துவிட்டால், ஒலியே பலனாகிவிடும்.

ஒரே படியில் நெடுநாள் நிறுத்தினால் நாய் அதிலேயே ஊறிவிடும். ஒரேயடியாகத் தாண்டினால் கிடைத்துவந்த பலன் நின்றுபோய், அது பிறாண்டும், குரைக்கும், சாக்கைக் கவ்வி இழுக்கும். இந்தத் தடுமாற்றத்திலும் பயனுண்டு, ஏனெனில் புதிய அசைவுகள் அப்போதுதான் பிறக்கின்றன. ஆனால் குரைத்த வேளையில் மனமிரங்கித் துண்டு போட்டால், குரைப்பதைத்தான் கற்றுக்கொடுத்தவர் ஆவீர்கள். முந்தைய படிக்கு இறங்கி, இரண்டு முறை வெற்றிபெற விட்டு, இன்னும் சிறிய படியாக ஏற்றுங்கள். படுத்திருக்கும் நேரத்தையும் நீங்கள் விலகி நிற்கும் தூரத்தையும் ஒருசேரக் கூட்டாதீர்கள்.

முதுகை அமுக்கிப் படுக்க வைப்பது வேண்டாம். வயிறு நிறையச் சோறு தின்ற நாய்க்கு ஈரல் பெரிதல்ல. சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுப் பயிற்சியும் ஆகாது. திண்ணையில் தேறிய நாயைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனால், அங்கே மறுபடியும் ஒரு கால் வைப்பதிலிருந்து தொடங்குங்கள். இம்முறை படிகள் விரைவாகவே கடந்துபோகும்.