தென்னை சுருள் வெள்ளை ஈக்குக் குளவி விடுவது எப்படி?

எங்கள் தோப்பில் மருந்துக்கு அடங்காத, ஓலையின் அடியிலிருந்து சாறு உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈயை அடக்கியது என்கார்சியா குளவிதான். மிகச் சின்னது, ஆளைக் கொட்டாது; ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே தின்று வளரும். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இந்த ஈ 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டியது. குளவியோ அதற்கு முன்பே நம் நாட்டில் இருந்தது, அதனால் பெருக்கிவிட்டாலே போதும்.

முதலில் பூச்சிமருந்தை நிறுத்துங்கள். அது குளவியைத்தான் முதலில் கொல்லும். ஈ அதிகமென்றால் ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், குளவி விடுவதற்கு முன்பே.

அடுத்தது, பலரும் தடுமாறும் இடம்: குளவி வளரும் கீற்றைக் கண்டுபிடிப்பது. ஒரு கீற்றைக் கிள்ளி அடிப்பக்கத்தைத் திருப்பி, வெள்ளை மெழுகை மெல்லிய தூரிகையால் தள்ளிவிட்டுப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பாருங்கள் (செல்போன் கேமராவை நம்ப வேண்டாம், நூறு இருநூறு ரூபாய் லென்ஸே மேல்). வெளிறிய கூட்டுப்புழு என்றால் பெரும்பாலும் ஈ, கருத்திருந்தால் உள்ளே குளவி வளர்கிறது. ஈ கழிக்கும் இனிப்பு நீரில் வளரும் கரும்பூசணம் வேறு: அது ஓலையின் மேல்பக்கம் கரி பூசியதுபோலப் படியும், தேய்த்தால் விரலில் ஒட்டும். கருத்த கூட்டில் வட்டமாகத் துளை இருந்தால் குளவி பறந்துபோய்விட்டது என்று அர்த்தம், அதைக் கொண்டுபோய்க் கட்டிப் பயனில்லை. துளை விழாத கருப்புக் கூடுகள் நிறைய உள்ள கீற்றாகப் பார்த்து எடுங்கள்.

அதை 10 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, பத்து மரத்துக்கு ஒன்று வீதம், ஈ தாக்கிய ஓலையின் அடிப்பக்கம் ஸ்டேப்ளரால் பொருத்துங்கள். வெட்டிய அன்றே, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது. ஏக்கருக்குச் சுமார் பத்துத் துண்டு போதும். கீற்று கிடைக்காதவர்கள் ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

ஊடுபயிராக வாழையோ கல்வாழையோ இருந்தால் குளவி பெருக வசதி. அந்த இலைகளிலும் இந்த ஈ உட்காரும், கைக்கெட்டும் உயரத்தில் கருப்புக் கூடுகளும் கிடைக்கும், மரமேற வேண்டியதில்லை.

பின்சேர்க்கை: விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறியை எப்போது கட்டுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஈ மொய்க்கும்போது கட்டலாம். ஆனால் மஞ்சள் நிறத்துக்குக் குளவியும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், துண்டு பொருத்தும் சமயத்தில் பொறிகளை இறக்கிவிடுங்கள். பக்கத்துத் தோப்பில் மருந்தடிப்பார்கள் என்று தெரிந்தால், அவர்கள் அடித்து முடிக்கும்வரை பொறுத்து, அப்புறம் பொருத்துங்கள்.